சைக்கிளில் ஒரு ரயில், எட்டுக் காந்தம், தலைகீழாய் ஒட்டிய ஒன்று

அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவனுக்கு வந்த ப்ராஜெக்ட் தலைப்பு, ரயில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போடும் அமைப்பில் சென்சார் கோளாறைக் கண்டுபிடிப்பது. தலைப்பைக் கொடுத்தவர்கள் ரயிலைக் கொடுக்கவில்லை. இன்ஜின் சக்கரத்தில் போய் நாம் எதையாவது மாட்ட யார் விடுவார்கள்? "சிமுலேஷனே போதும்னு எல்லாரும் சொல்றாங்க மாமா" என்றான். நாமே எழுதிய கோளாறை நாமே எழுதிய புரோகிராம் கண்டுபிடித்தால் அதில் என்னடா இருக்கிறது என்று கேட்டேன். திண்ணையில் அப்பாவின் பழைய ஹெர்குலஸ் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதுதான் எங்கள் இன்ஜின் ஆயிற்று.

ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. பங்குனி மாசம். மேட்டூர் மூடி ரெண்டு மாசம் ஆகியிருந்ததால் ஆற்றில் வெறும் மணல்தான். கரைமேல் ரோடு காலையில் காலியாகக் கிடக்கும். மதகிலிருந்து கிழக்கே 1200 மீட்டரை 30 மீட்டர் டேப் வைத்து நாற்பது தடவை இழுத்து அளந்தோம். நூறு மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. முதுகு போய்விட்டது. ஆனால் இந்த அளவு மட்டும் கையில் இல்லாமலிருந்தால் பின்னால் நடந்த எதுவும் எங்களுக்குப் புரிந்திருக்காது.

ரயிலில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடிப்படை வேலையைச் செய்வது சக்கரம்தான். அச்சில் ஒரு சென்சார், சுற்றுக்கு இத்தனை துடிப்பு, அதைச் சக்கரச் சுற்றளவால் பெருக்கினால் தூரம். ஆனால் சக்கரம் தேயும். அகலப்பாதை இன்ஜினின் புதுச் சக்கரத்துக்கு விட்டம் 1092 மில்லிமீட்டர். ஓடித் தேய்ந்து, கடைசல் பிடித்து, மறுபடி தேய்ந்து 1016-க்கு வந்தால் கழித்துவிடுவார்கள். வித்தியாசம் ஏழு சதவீதம். அமைப்பில் பழைய விட்டத்தை மாற்றாமல் விட்டால், ஒரு கிலோமீட்டர் வந்துவிட்டதாக நினைக்கும்போது நிஜத்தில் 930 மீட்டர்தான் வந்திருக்கும். போதாததற்கு இழுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுற்றும், பிரேக் பிடித்தால் சுற்றாமலே சறுக்கும்.

அதனால்தான் தண்டவாளத்திலேயே மைல்கல் மாதிரி எதையாவது பதிக்கிறார்கள். ஐரோப்பாவில் பலீஸ், தண்டவாளத்துக்கு நடுவே பதிக்கிற அடையாளப் பெட்டி. நம்மிடம் கவச். ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓ உருவாக்கியது, 2020 ஜூலையில் நாட்டுக்கான தானியங்கி ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்றுக்கொண்டார்கள். அதில் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டை மேல் ஆர்எஃப்ஐடி டேக் (தொடாமலே ரேடியோவில் படிக்கிற அடையாள வில்லை), அதைப் படிக்க இன்ஜினுக்கு அடியில் ரீடர். டேக்கைக் கடந்த நொடியில் இடம் உறுதி. அடுத்த டேக் வரும்வரை சக்கரத்தை நம்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பயலுக்கு முதலில் நான் புரியவைக்கப் படாதபாடு பட்டது இதை: ரயில் தன் இடத்தை ஒரு புள்ளியாகச் சொல்வதில்லை, ஒரு பட்டையாகச் சொல்கிறது. "நான் இங்கே இருக்கிறேன், முன்னே பின்னே இவ்வளவு பிசகலாம்." ஐரோப்பிய விதியில் சக்கர அளவைக்கு அனுமதித்த பிசகு 5 மீட்டரும், அதோடு கடைசி பலீஸிலிருந்து வந்த தூரத்தில் 5 சதவீதமும். ஒரு கிலோமீட்டர் வந்தால் 55 மீட்டர். பிசகு பெரிதாக இருப்பது ஆபத்தில்லை, பட்டையும் கூடவே பெரிதானால் ரயில் முன்னாலேயே நின்றுகொள்ளும். பட்டை பத்து மீட்டர் என்று சொல்லிவிட்டு ரயில் நாற்பது மீட்டர் தள்ளி இருப்பதுதான் ஆபத்து. நாங்கள் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

மாட்டிய சாமான்கள்: ஒரு ஈஎஸ்பி32 போர்டு (கணக்குப் போடும் குட்டிக் கம்ப்யூட்டர்), நியோ-6எம் ஜிபிஎஸ், எம்பியூ6050 (முடுக்கமும் திரும்பலும் அளக்க), முன்சக்கரத்துக்கு ரெண்டு ஏ3144 ஹால் சென்சார் (காந்தம் கடந்தால் ஒரு துடிப்பு தரும்), கம்பிகளில் எட்டு நியோடிமியம் காந்தம். சக்கரத்தின் சுற்றளவு, ஆள் உட்கார்ந்திருக்கும்போது 2.20 மீட்டர். ஆள் இல்லாமல் அளந்தால் கூட வரும், அதனால் அவனை உட்காரவைத்து, டயரில் சுண்ணாம்பு தொட்டு, பத்துச் சுற்று உருட்டி அளந்தோம். ஒரு துடிப்புக்கு 27.5 சென்டிமீட்டர். பின்னால் கேரியரில் பழைய டிபன் பாக்ஸ், அதற்குள் போர்டு.

முதல் கோளாறை நாங்கள் வைக்கவே இல்லை. சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கப் பவர் பேங்க் மாட்டியிருந்தோம், போர்டுக்குத் தனி பேட்டரி. பாதி தூரத்தில் நின்று இளநீர் குடித்தோம். திரும்பிப் பார்த்தால் ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிள் மணிக்கு 11 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. நடந்தது இதுதான்: ஹால் சென்சார் இழுக்கிற சொற்பக் கரண்டைப் பார்த்து, யாரும் சார்ஜ் போடவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் ஓடும்போதே தன்னை அணைத்துக்கொண்டுவிட்டது. வேகத்தை அவன் துடிப்பு வரும்போது மட்டும் கணக்குப் போடுகிற மாதிரி எழுதியிருந்தான். துடிப்பு வரவில்லை, கணக்கும் இல்லை, கடைசி வேகம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. செத்துப்போன சென்சார் உயிரோடு இருப்பதாக நடிப்பது இப்படித்தான். இவ்வளவு நேரம் துடிப்பு வராவிட்டால் வேகத்தை நம்பாதே என்று ஒரு டைமர் போட்டதும் சரியானது. பவர் பேங்கைத் தூக்கிப்போட்டுவிட்டு ரெண்டு சென்சாருக்கும் தனித்தனிப் பேட்டரி கொடுத்தோம்.

ரெண்டாவது கோளாறுக்காகத்தான் இந்தப் பதிவே.

மறுநாள் காலை முழு 1200 மீட்டரும் ஓட்டினான். முன்சக்கரச் சென்சார் ஒன்று 1050 மீட்டர் காட்டியது. ரெண்டாவதும் 1050. ஜிபிஎஸ் 1203. புரோகிராமில் மூன்றில் ரெண்டு ஓட்டு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எழுதியிருந்தான். இருவர் ஒத்துப்போனால் மூன்றாமவர் மேல் குற்றம். சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் "ஜிபிஎஸ் கோளாறு". "மாமா, ஃபால்ட் டிடெக்ட் ஆயிடுச்சு!" என்று குதித்தான்.

எனக்கும் சந்தேகம் வரவில்லை. விலை குறைந்த மாட்யூல், பக்கத்தில் மூங்கில் புதர் வேறு. ஆன்டெனாவை ஹேண்டில்பாருக்கு மாற்றினோம், ஒயரை மாற்றினோம், செயற்கைக்கோள் எண்ணிக்கை பார்த்தோம். ஒன்பது கிடைத்தது. டெல்டாவில் வானத்தை மறைக்க என்ன இருக்கிறது? மலை இல்லை, மாடி இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அரை நாள் போயிற்று. கடைசியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, சென்சார் விளக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணச் சொன்னேன்.

"ஏழு."

"இன்னொரு தடவை எண்ணு."

"ஏழுதான் மாமா."

முந்தின ராத்திரி ஒரு காந்தம் கழன்று விழுந்து, அவன் ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தான். தலைகீழாக. ஏ3144 தென்துருவத்துக்கு மட்டும்தான் கண் திறக்கும், வடதுருவம் எதிரே வந்தால் ஒன்றும் வராதது போல உட்கார்ந்திருக்கும். எட்டில் ஒன்று போய் ஏழு. 1200-ஐ எட்டால் வகுத்து ஏழால் பெருக்கிப் பாருங்கள், 1050. ரெண்டு சென்சாரும் தனித்தனி, பேட்டரி தனித்தனி, ஒயர் தனித்தனி. ஆனால் ரெண்டும் பார்த்தது அதே எட்டுக் காந்தத்தை. ரெண்டு சாட்சியும் ஒரே வாயிலிருந்து கேட்டதைச் சொல்ல, கண்ணால் பார்த்த மூன்றாவது சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

ரயில்வே பாதுகாப்புக்காரர்கள் இதைப் பொதுக்காரணக் கோளாறு என்பார்கள். இரட்டிப்பாக வைத்தேன் என்பதில் ஒன்றுமில்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று கெடாமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். சக்கரத்தையும் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து வைப்பதன் அர்த்தமும் அதுதான். அது சறுக்கும், இது மறைந்துபோகும். ஒன்றுக்கு வருகிற நோய் இன்னொன்றுக்கு வராது.

திருத்தம் ரெண்டு செய்தோம். ஒரு ஹால் சென்சாரைக் கழற்றிப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனோம், அதற்குத் தனிக் காந்தங்கள், ஐந்து மட்டும். எண்ணிக்கையும் வேறாக இருக்கட்டும் என்றுதான். ரெண்டாவது, எனக்கு இப்போதும் பிடித்தது: சக்கரச் சுற்றளவையும் ஜிபிஎஸ்ஸை வைத்துப் புரோகிராமே கற்றுக்கொள்ளட்டும், ஆனால் எல்லைக்குள். காற்றுக் குறைந்தால், ஆள் மாறினால், சைக்கிள் டயர் எவ்வளவு மாறும்? ரெண்டு சதவீதத்துக்கு மேல் மாறாது. அதைத் தாண்டிப் போகப் பார்த்தால் அது தேய்மானம் இல்லை, கோளாறு. ரயில் சக்கரத்துக்கு எல்லை 1092-க்கும் 1016-க்கும் நடுவே. இந்த எல்லை இல்லாவிட்டால், சென்சார்கள் சொல்வதையெல்லாம் எடைபோட்டு இடத்தைக் கணிக்கிற கணக்கு, கால்மன் ஃபில்டர், ரொம்ப நல்ல பிள்ளையாக, காந்தம் குறைந்ததைச் சக்கரம் பெருத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அமைதியாகிவிடும். ஃபில்டர் எதற்கும் பழகிவிடும், அதைப் பழகவிடக் கூடாது.

அடுத்து எந்த அளவில் மணி அடிப்பது என்ற சண்டை. ஃபில்டர் எதிர்பார்த்ததற்கும் சென்சார் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை எதிர்பார்க்கும் சிதறலால் வகுத்து வர்க்கமாக்கினால் ஒரு எண் வரும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது 10.83-ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு தடவைதான். ஆயிரத்தில் ஒன்று போதாதா என்றான். போதாது. நொடிக்குப் பத்து அளவு எடுக்கிறோம், ஆயிரம் அளவு நூறு நொடியில் ஓடிவிடும். அதாவது ரெண்டு நிமிஷத்துக்குள் ஒரு பொய் மணி. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போவதற்குள் இருபது முப்பது தடவை பிரேக் விழுந்தால் எந்த டிரைவர் அந்தப் பெட்டியை நம்புவார்? எதிர்ப்பக்கம் பார்த்தால், கவச் எட்ட வேண்டிய எஸ்ஐஎல்-4 என்ற உச்சப் பாதுகாப்புத் தரத்தில் ஆபத்தான தோல்விக்கான வாய்ப்பு ஒரு மணி நேரத்துக்குப் பத்துக் கோடியில் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். பத்துக் கோடி மணி நேரம் என்றால் பதினோராயிரம் வருஷத்துக்கு மேல். கரிகாலன் காலத்துக்கு முன்னால் ஓட்ட ஆரம்பித்திருந்தாலும் கால்வாசிகூட முடிந்திருக்காது.

எனவே ஒற்றை அளவை நம்பாமல், அந்த வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போகிற முறைக்கு மாறினோம். மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. இன்று அஞ்சு ரூபாய் பாக்கி என்றால் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார், ஒரு மாசம் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் நோட்டைத் திருப்பிக் காட்டுவார். மெல்ல நழுவும் கோளாறுகளை இது பிடித்தது, பொய் மணியும் குறைந்தது. விலை என்னவென்றால் கொஞ்சம் தாமதம். அந்தத் தாமதத்தில் ரயில் எத்தனை மீட்டர் போயிருக்கும் என்பதையும் பட்டையில் சேர்க்க வேண்டும். இதை அவன் ரிப்போர்ட்டில் எழுத மறந்து, நான் ஞாபகப்படுத்தி எழுதவைத்தேன்.

சறுக்கல் சோதனைக்கு ஊரே ஏற்பாடு செய்து கொடுத்தது. உளுந்து அறுப்பு. செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி ஏறி ஏறிக் காய் வெடித்து உளுந்து கொட்டும். அதன் மேல் வேகமாக வந்து முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், சைக்கிள் போய்க்கொண்டிருக்கும். முன்சக்கரம் பூஜ்யம் என்றது, பின்சக்கரம் ஏழு கிலோமீட்டர் வேகம் என்றது, முடுக்கமானி இவ்வளவு சீக்கிரம் நின்றிருக்க முடியாது என்றது. மூன்றும் மூன்று விதமான சாட்சி என்பதால் தீர்ப்பு சரியாக வந்தது. நாலாவது தடவை உளுந்துக்காரப் பாட்டி வந்துவிட்டது. "தம்பி, மேல ஓட்டு, எத்தன தடவ வேணும்னாலும் ஓட்டு, வேணாங்கல. ஏன்யா நடுவுல வந்து இழுத்துட்டுப் போயி ஓரத்துல தள்ளுற?" மன்னிப்புக் கேட்டு, தள்ளிய உளுந்தை ரெண்டு பேரும் கூட்டி அள்ளிவிட்டு வந்தோம்.

சைக்கிளில் எங்களுக்கு ஒரு சலுகை இருந்தது: மிதிப்பது பின்சக்கரம், பிரேக் பிடித்தது முன்சக்கரம். டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினில் ஆறு அச்சிலும் மோட்டார். சும்மா உருள்கிற அச்சு என்று ஒன்றே கிடையாது. அங்கே எல்லா அச்சும் சேர்ந்து வழுக்கினால் அச்சுக்கு அச்சு ஒப்பிடுவதால் பயனில்லை, சக்கரத்தையே நம்பாத ஒரு சென்சார் வேண்டும். தரையைப் பார்த்து வேகம் அளக்கிற ராடார் வைப்பது அதற்குத்தான்.

ஜிபிஎஸ்ஸைக் கெடுக்க எவர்சில்வர் தூக்குவாளி. ஓடும்போது ஆன்டெனா மேல் கவிழ்த்து, அதே நொடியில் பிரேக். எதிர்பார்த்தது, சிக்னல் இல்லை என்று சொல்லும். சொல்லவில்லை. சில நொடிகளுக்கு அதே திசையில், அதே வேகத்தில் நேர்கோடாகப் போய்க்கொண்டே இருந்தது. சிக்னல் போனால் ரிசீவர் ஊகித்து ஓட்டும். ரிசீவர் அனுப்புகிற தகவல் வரியில் "ஏ", அதாவது செல்லும் என்ற எழுத்துகூட மாறவில்லை. கடைசியில் ஒரு ஓரத்தில் "ஈ", ஊகம் என்று மட்டும் எழுதியிருந்தது. நாங்கள் அந்த ஓரத்தைப் படிக்கவே இல்லை. படித்திருக்காவிட்டாலும் பிடித்திருக்கலாம்: அந்தச் சில நொடி வேகத்தில் நடுக்கமே இல்லை. உண்மையான ஜிபிஎஸ் வேகம் எப்போதும் கொஞ்சம் ஆடும். பிசகு அதிகமானால் மட்டும் இல்லை, சந்தேகப்படும்படி குறைந்தாலும் மணி அடிக்க வேண்டும் என்று ஒரு கீழ் எல்லையும் சேர்த்தோம்.

டேக் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதி எங்கள் முட்டாள்தனம். கார்டு படிக்கும் ஆர்சி522 ரீடரைப் பிவிசி குழாயில் கட்டித் தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டரில் தொங்கவிட்டோம், நூறு மீட்டருக்கு ஒரு கார்டு. முதல் கார்டை மதகின் இரும்புப் பலகையில் ஒட்டிவிட்டு ஏன் படிக்கவில்லை என்று ஒரு மணி நேரம் தேடினோம். இரும்பு மேல் அது படிக்காது. பலகைக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு வைத்து உயர்த்தினதும் படித்தது. தள்ளிக்கொண்டு நடந்தால் எல்லாக் கார்டும் விழுந்தது, ஏறி ஓட்டினால் பாதி போயிற்று. இடத்துக்கு ரெண்டு கார்டாக ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஐரோப்பியர்களும் பலீஸைக் குழுவாக வைப்பது இப்படித்தான், எந்தத் திசையில் போகிறோம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அடுத்த டேக் எங்கே வர வேண்டும் என்று முன்னாலேயே தெரிவதால், அங்கே வராவிட்டாலும் தப்பு, வேறு எண் வந்தாலும் தப்பு. நாலையும் ஐந்தையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தோம், ரெண்டையும் பிடித்தது.

ஒரு நாள் நிஜ ரயில். ஒயர் தொங்கும் டிபன் பாக்ஸோடு ரயிலில் ஏறும் யோசனையை அக்கா தடுத்துவிட்டாள், நியாயம்தான். செல்போனை மட்டும் எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் பாசஞ்சர் ஏறினோம். பேருக்குத்தான் மெயின் லைன், தஞ்சாவூர் வரை ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காக வழியில் ஒரு ஸ்டேஷனில் எங்களை லூப் லைனுக்குள், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்துக்குள் தள்ளினார்கள். வரைபடத்தில் பக்கத்துத் தடத்துக்கும் எங்களுக்கும் ஐந்து மீட்டர் சொச்சம். ஜன்னலோரம் பாதி வானம் மட்டும் பார்த்த ஜிபிஎஸ்ஸுக்கு அது தெரியவே இல்லை, புள்ளி ரெண்டு தடத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. செல்போனின் சுழல்மானியில் மட்டும் அழகாக ஒரு மேடு: நாலரை, ஐந்து டிகிரி ஒரு பக்கம், பிறகு அதே அளவு திரும்ப. ரயில் தடம் மாறுகிற இடத்தைப் பாயிண்ட் என்பார்கள், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் பிரியும் பாயிண்டின் கோணம் நாலே முக்கால் டிகிரி. எந்தத் தடம் என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லவில்லை, ஒரு ரயிலுக்கு அதைவிட முக்கியமான கேள்வி எது? கவச் டேக்கில் தட எண்ணையும் எழுதிவைப்பதன் காரணத்தை அன்றைக்குப் பயல் கேட்காமலே புரிந்துகொண்டான்.

கடைசி வார ஓட்டத்தில் ஒன்பதாவது டேக் வரவில்லை என்று மணி அடித்தது. ரீடர் தவறவிட்டிருக்கும் என்று விட்டோம். மறுபடி ஒன்பது. மூன்றாவது தடவையும் ஒன்பது. போய்ப் பார்த்தால் ரெண்டு கார்டும் இல்லை, ஒட்டின தடம் மட்டும் இருந்தது. ஆடு மேய்க்கிற ஒரு பொடியன் ரெண்டையும் நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றான். "இது பஸ் கார்டாண்ணே?" என்றான். அவனிடமே விட்டுவிட்டோம். ரிப்போர்ட்டில் ஒன்பதாம் டேக் "இல்லை" என்றுதான் இருக்கிறது, சைக்கிளில் காந்தங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, இப்போது எட்டும் சரியான பக்கம்.